தன் தப்பைத் தானே சொல்கிற ஆட்டம்

துவைக்கப் போட்ட ஜீன்ஸின் பையை உள்ளிருந்து வெளியே இழுத்து உதறினார் அம்மா. விரலெல்லாம் நீலமாகிவிட்டது. பேனா மையும் இல்லை, கோலப்பொடியும் இல்லை. சட்டையின் கைப்பக்கம் வேறு வெள்ளை வெள்ளையாய் முகப்பவுடர் தடம். பையன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஐந்து மணிக்கு வீடு திரும்ப வேண்டியவன், ஒரு மாதமாக ஏழரைக்குத்தான் வருகிறான். கேட்டால் “ஃப்ரெண்ட்ஸோட இருந்தேம்மா” என்பதோடு சரி.

“ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று பேன்ட்டைக் கணவரிடம் நீட்டினார்.

அவர் கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறவர். அந்த நீலத்தைக் கட்டை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று இருந்தது. “எமரித் தூள் மாதிரியல்ல இருக்குது!” என்றார். மறுநாள் பட்டறையில் வேலை பார்க்கும் பையனிடம் காட்டியபோது விஷயம் தெரிந்துவிட்டது. “இது பூல் விளையாடுற குச்சி முனையில தேய்க்கிற சாக்குங்ணா. பவுடர், குச்சி கையில வழுக்கிட்டுப் போறதுக்குப் போடுறது.”

செய்தி கேட்டதும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. “பூலா? சினிமாவுல ரவுடிங்க சிகரெட்டை வாயில வெச்சுட்டு ஆடுவாங்களே, அதுங்களா? காசு கட்டி ஆடுறதாச்சே!” அன்று ராத்திரியே மகனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டுவிட வேண்டும் என்றார். அப்பா தடுத்தார். “கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவான். நான் போய் அந்த இடம் எப்படின்னு பார்த்துட்டு வர்றேன்.”

மாடிப்படி ஏறியதும்

மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்த இடம். புகை, கூச்சல், கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் எதிர்பார்த்துக்கொண்டுதான் படி ஏறினார். கதவைத் தள்ளினால் உள்ளே நூலகம் மாதிரி அமைதி. பச்சைத்துணி போட்ட பெரிய ஸ்னூக்கர் மேஜைகள் இரண்டு, நீலத்துணி போட்ட சின்ன பூல் மேஜை ஒன்று. மேஜைகளுக்கு மேலே மட்டும் தாழ்வாக விளக்குகள். சுற்றிலும் அரை இருட்டு.

பையன் தென்படுகிறானா என்று பார்க்க, மேஜையை ஒட்டி நாலடி எடுத்து வைத்தார். வாசலோரம் நின்றிருந்த ஒருவர் உள்ளங்கையை மெல்ல உயர்த்தினார். “ஒரு நிமிஷம் நில்லுங்க சார். அவர் அடிச்சு முடிக்கட்டும்.”

அப்போதுதான் கவனித்தார். எதிர்ப்பக்கம் ஒருவர் மேஜை மீது குனிந்து, தாடையைக் குச்சியோடு ஒட்டி வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பார்வைக்கோட்டில் போய் நிற்கப் பார்த்திருக்கிறார் இவர். ‘டக்’கென்று ஒரு சத்தம். பந்து குழியில் விழுந்தது. எதிராளி தன் குச்சியின் அடிப்பகுதியால் தரையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். இந்த ஆட்டத்தில் ‘சபாஷ்’ சொல்வது அப்படித்தான்.

கையை உயர்த்தியவர்தான் அங்கே மார்க்கர். மேஜையைப் பராமரிப்பது, நேரம் குறிப்பது, புள்ளி எழுதுவது, பந்துகளை அடுக்கித் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளைக்காரன் காலத்துக் கிளப்புகளில் வந்த பெயர். இன்னும் அப்படியேதான் கூப்பிடுகிறார்கள். அறுபதை நெருங்கும் வயது. சின்ன வயதில் நீலகிரியில் ஒரு கிளப்பில் பந்து எடுத்துப் போடும் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். “பையனைத் தேடி வந்தீங்களா சார்? மாசத்துக்கு ரெண்டு அப்பா வருவாங்க. உட்கார்ந்து பாருங்க.”

ஊட்டியில் எழுதிய சட்டம்

நீலகிரிக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1875-ல் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள், மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் பில்லியர்ட்ஸ் மேஜையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்ததில் பிறந்தது ஸ்னூக்கர். அதைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படும் இளம் அதிகாரி நெவில் சேம்பர்லின். பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. அவர் பிறகு ஊட்டிக்கு வந்தார். 1882-ல் ஆட்ட விதிகள் எழுதப்பட்டு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. உலகம் முழுக்க ஆடப்படும் ஸ்னூக்கருக்குச் சட்டம் எழுதிய ஊர் நம் ஊட்டி.

பெயர் வந்த கதை இன்னும் அழகு. ராணுவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவனைக் கேலியாக ‘ஸ்னூக்கர்’ என்பார்களாம். சுலபமான ஒரு பந்தைத் தவறவிட்ட நண்பரைப் பார்த்து சேம்பர்லின் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். நண்பரின் முகம் சுருங்கியிருக்க வேண்டும். உடனே, ‘இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை நாம எல்லாருமே ஸ்னூக்கர்கள்தானே’ என்று சமாதானம் சொன்னாராம். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. ஒரு கேலி, அடுத்த நொடியே அதற்கு ஒரு சமாதானம். இந்த ஆட்டத்தின் மரியாதை அங்கேயே தொடங்கிவிட்டது.

பூலுக்கு ஏற்பட்ட கெட்ட பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடங்களை ‘பூல் ரூம்’ என்பார்கள். பலர் சேர்ந்து போடும் பந்தயத் தொகைக்கு ‘பூல்’ என்று பெயர். ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை வாடிக்கையாளர்கள் பொழுதுபோக்க, உள்ளே இந்த மேஜைகளைப் போட்டார்கள். பந்தயத்தின் பெயர் மேஜைக்கு ஒட்டிக்கொண்டது. ‘மியூசிக் மேன்’ என்று 1957-ல் நியூயார்க்கில் அரங்கேறிய புகழ்பெற்ற இசை நாடகத்தில், ஒரு விற்பனைக்காரன் ஊருக்குள் வந்து, ‘உங்கள் ஊரில் பூல் மேஜை வந்துவிட்டது, பிள்ளைகள் கெட்டுப் போவார்கள்’ என்று பெற்றோரைப் பயமுறுத்தியே தன் வாத்தியக் கருவிகளை விற்கப் பார்ப்பான். கோவை அம்மாவுக்கு வந்த பயத்துக்கு அத்தனை வயது!

இதே மேஜை நம் நாட்டுக்குப் பெருமையும் தேடித் தந்திருக்கிறது. 1958-ல் கொல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். தனிநபர் விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் அவர்தான். பிறகு மைக்கேல் ஃபெரீரா, கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி என்று வரிசையாக வந்தார்கள். 2025-ல் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைப் பெண்.

ஆக, மேஜையில் குற்றமில்லை. அதைச் சுற்றி நிற்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் அந்த இடத்தின் மானம் இருக்கிறது.

லேத்து பெட் மாதிரிங்க!

பட்டறைக்காரருக்கு மேஜையின் மேல் கண் போனது. “உள்ளே என்னங்க, மரப்பலகையா?”

“கல்லுங்க சார். சிலேட்டுக் கல். பெரிய மேஜையில அஞ்சு பாளம், பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பூசி, மேலே துணியை இழுத்துக் கட்டியிருக்குது. பன்னிரண்டடிக்கு ஆறடி. மொத்தமா ஒரு டன்னுக்கு மேலே கனம். ரசமட்டம் வெச்சுத்தான் நிறுத்துவாங்க. ஒரு மூலை மயிரிழை இறங்கினாலும் பந்து காட்டிக் கொடுத்துரும்.”

“லேத்து பெட் மாதிரின்னு சொல்லுங்க!” அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. பட்டறையில் புதிதாக வருகிற பையன் லேத்தின் பெட் மீது சுத்தியலை வைத்தால் அவருக்குக் கோபம் தலைக்கேறும். அந்தப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால், அதற்குப் பிறகு கடைகிற சாமான் எல்லாவற்றிலும் அந்தக் கீறல் பேசும்.

அங்கே சுவரில் மாட்டியிருந்த ‘செய்யக்கூடாதவை’ எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் இருந்தது. காரணம் தெரியாதவனுக்கு அது அதட்டல். தெரிந்தவனுக்கு அது புத்தி.

மேஜை விளிம்பில் உட்காரக்கூடாது. பந்து மோதித் திரும்பும் ரப்பர், அந்த விளிம்புச் சட்டத்தில்தான் ஒட்டியிருக்கிறது. எழுபது கிலோ ஆள் தினமும் உட்கார்ந்து எழுந்தால் சட்டத்தின் போல்ட்டு தளரும். அதன்பிறகு பந்து அந்த இடத்தில் பட்டால் துள்ளாது, சோம்பிப் போய்த் திரும்பும். எட்டாத பந்துக்காக மேஜை மேல் ஏறிப் படுப்பதும் தப்பு. அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பது பூலுக்கும் ஸ்னூக்கருக்கும் பொதுவான விதி. மீறினால் ஃபவுல். எட்டாததற்கு ‘ரெஸ்ட்’ என்று நீளமான தாங்குகோல் சுவரோரம் இருக்கிறது. அதை எடுத்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற பிள்ளைகள்தான் மேஜை மேல் ஏறுகிறார்கள்.

டீ கிளாஸை விளிம்பில் வைக்கக்கூடாது. கம்பளித் துணி. ஒருமுறை டீ சிந்தினால் அந்த வட்டத்தில் துணி சுருங்கி விறைத்துப் போகும். பந்து அதன் மேல் போகும்போது வழி மாறும்.

பவுடரைக் கொட்டிக்கொள்ளக்கூடாது. கையில் கொஞ்சம் தடவினால் போதும். சிலர் இடியாப்ப மாவு மாதிரி அள்ளிப் பூசிக்கொண்டு, மேஜையில் ஐந்து விரலையும் பதித்துவிட்டுப் போவார்கள். அந்தப் பொடி பந்தில் ஒட்டும், துணிக்குள் இறங்கும்.

சாக்கை மேஜைக்கு மேலே நீட்டிப் பிடித்துத் தேய்க்கக்கூடாது. பெயர்தான் சாக். பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புக் கட்டி அல்ல. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியல் அறிஞரும் சேர்ந்து 1897-ல் காப்புரிமை வாங்கிய சரக்கு அது. சிலிக்காவும் அரைக்கும் தூளும் கலந்தது. எமரித் தூள் என்று கட்டை விரலால் கண்டுபிடித்த அப்பாவின் கணிப்பு பெரிய பிழையில்லை. அந்தத் தூள் துணியில் விழுந்தால், ஓடுகிற ஒவ்வொரு பந்தும் அதைத் துணிக்குள் வைத்து அரைக்கும். தேய்த்து முடித்ததும் நீல முகம் மேலே பார்க்கிற மாதிரி விளிம்பில் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் அடுத்தவர் சட்டைக்கை நீலமாகும்.

குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். அதற்கென்று இருக்கும் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். தோற்ற கோபத்தில் தரையில் குத்தினால் குச்சியும் போகும், கீழே மருந்துக்கடைக்காரரின் தூக்கமும் போகும்.

சிகரெட் அறவே கூடாது. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கப் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. பார்லரும் பொது இடம்தான்.

இவையெல்லாம் இடத்துக்குக் காட்டும் மரியாதை. மனிதருக்குக் காட்டும் மரியாதை தனி. எதிராளி குனிந்துவிட்டால் அசையாமல் நிற்க வேண்டும். போன் மௌனத்தில் இருக்க வேண்டும். கேட்காதவருக்கு யோசனை சொல்லக்கூடாது. பக்கத்து மேஜைக்காரரும் ஒரே நேரத்தில் அடிக்க வந்தால், முதலில் குனிந்தவருக்கு வழிவிட வேண்டும். நம் பந்து பறந்து அடுத்த மேஜைப் பக்கம் உருண்டால், அவர் அடித்து முடித்த பிறகே போய் எடுக்க வேண்டும். குருட்டாம்போக்கில் ஒரு பந்து விழுந்துவிட்டால், ‘அதிர்ஷ்டம், மன்னிக்கணும்’ என்று கையை லேசாக உயர்த்துவது வழக்கம். அண்ணனோடு ஆட வந்திருக்கும் ஒரு பெண் குனிந்து அடிக்கும்போது வேடிக்கை பார்ப்பது, காதுபடப் பேசுவது எல்லாம் அநாகரிகம். அன்று மூலை மேஜையில் ஒரு கல்லூரிப் பெண் ஆடிக்கொண்டிருந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் அப்பா முதலில் கவனித்தார்.

ஆட்டம் முடிந்தது. இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். தோற்றவர் மேஜைக் காசு கொடுத்தார். நம் ஊர் பார்லர்களில் பல காலமாக இருக்கும் வழக்கம் அது. அதற்கு மேல் பணம் கைமாறினால் அது சூது. “அப்படி யாராச்சும் பந்தயம் பேசினா லைட்டை அணைச்சுருவேன் சார்” என்றார் மார்க்கர்.

முக்கோணத்துக்குக் கீழே

ஒரு மேஜையில் இளைஞன் ஒருவன் குனிந்தான். அடிக்காமலே நிமிர்ந்தான். “ஃபவுல்ங்க. சட்டைக்கை பிங்க்ல பட்டுருச்சு.” எதிராளி பார்க்கவில்லை. மார்க்கரும் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எதிராளிக்கு ஆறு புள்ளி ஏறியது. அந்த ஆட்டத்தை அவன் தோற்றே போனான்.

“ஏன் சொன்னான்?” என்று கேட்டார் அப்பா.

“இந்த ஆட்டத்துல அப்படித்தாங்க சார். கிரிக்கெட் மாதிரி கத்திக் கேக்கறது கிடையாது. போலீஸ் கிடையாது. தன் தப்பைத் தானே சொல்லணும். சொல்லாதவனோட ரெண்டாந்தடவை யாரும் ஆட மாட்டாங்க.”

சொல்லிவிட்டு மார்க்கர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நீல மேஜைப் பக்கம் கூட்டிப்போனார். துணியின் நடுவில், கட்டை விரல் நகம் அளவுக்கு முக்கோணமாய் ஒரு கிழிசல். மேலே மெல்லிய ஒட்டு.

“போன வாரம் நடந்ததுங்க சார். பந்தைத் தாண்டிக் குதிக்க வைக்கிறேன்னு யாரோ அடியில குத்தித் தூக்கியிருக்காங்க. அப்படித் தூக்கறது ஆட்டத்துலயே தப்பு. குச்சி முனை துணியைக் கிழிச்சிருச்சு. அது பரவாயில்லீங்க, வயசுப் பசங்க. பந்து அடுக்கற முக்கோணச் சட்டத்தை அது மேலே வெச்சு மறைச்சுட்டுப் போயிட்டாங்க. ராத்திரி மூடும்போதுதான் பார்த்தேன். அன்னிக்கு அந்த மேஜையில நாலு கோஷ்டி ஆடியிருக்குது. யாரைன்னு கேக்கறது?”

“ஓனர் என்ன சொன்னார்?”

“துணி மாத்தப் பல ஆயிரம் ஆகுமுங்க. ‘நீ பார்த்துட்டு இருந்திருக்கணும்’னார். சம்பளத்துல மாசாமாசம் கொஞ்சம் பிடிச்சுக்கறார். அவர் மேலேயும் தப்பில்லீங்க.”

அப்பா அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது மார்க்கர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அது போக, மாசம் பத்துச் சாக் காணாமப் போகுதுங்க சார். திருடறது இல்லை. தேய்ச்சுட்டு மறந்தாப்பல பையில போட்டுட்டுப் போயிருவாங்க.”

அப்பாவுக்கு வீட்டுக் கொடியில் தொங்கிய ஜீன்ஸ் ஞாபகம் வந்தது.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால்

ராத்திரி சாப்பிடும்போது அப்பா பேச்சை எடுத்தார். குரலில் கோபம் இல்லை. “நீ போற பார்லருக்கு இன்னிக்குப் போயிருந்தேன். நல்ல இடமாத்தான் வெச்சிருக்காங்க.”

பையனின் கை தட்டிலேயே நின்றது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கண்ணால் வேண்டாம் என்றார்.

“ஒரு பையன் சட்டைக்கை பட்டதுக்குத் தானே ஃபவுல் சொன்னான். யாருமே பார்க்கலை. ஆட்டத்தையே தோத்துட்டான். நீயும் அப்படிச் சொல்லுவியா?”

“சொல்லுவேம்பா. எல்லாரும் சொல்லுவோம்.”

“அந்த நீல மேஜைத் துணிக்கு அப்படி யாரும் சொல்லலை போல. அந்தப் பெரியவர் சம்பளத்துல பிடிக்கிறாங்களாம்.”

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிசைந்த சோறு பிசைந்தபடி இருந்தது. பிறகு தலை நிமிராமலே, “சம்பளத்துல பிடிப்பாங்கன்னு தெரியாதுப்பா” என்றான். குரல் உடைந்தது. “குத்தினது நான்தான். பயந்துட்டு முக்கோணத்தை வெச்சுட்டோம். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.”

பிள்ளைகள் ஒரு தப்பை மறைக்கும்போது, அந்தத் தப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. துணிதானே, கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றும். கல்யாண மண்டபத்து நாற்காலி, பஸ் சீட்டு, கல்லூரி ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவை எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கும் ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆளின் முகத்தைக் காட்டிவிட்டால் போதும். பல பிள்ளைகளுக்கு அதட்டலே தேவைப்படாது.

அதனால்தான், ‘இனி அங்கே போகாதே’ என்று அப்பா சொல்லவில்லை. “நாளைக்கு நான் கூட வர்றேன். ஆனா பேசறது நீதான்” என்றார்.

பிரஷ் பிடித்த கை

மறுநாள் பார்லர் திறக்கும் நேரம். அப்பா படிக்கட்டு முடிவிலேயே நின்றுகொண்டார். பையன் மட்டும் உள்ளே போனான். மார்க்கர் மேஜை உறையை மடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, அந்தத் துணியைக் கிழிச்சது நான்தாங்ணா. மறைச்சதும் நாங்கதான். மன்னிச்சுக்குங்க.” ஜீன்ஸ் பையிலிருந்து மூன்று நீலச் சாக் கட்டிகளை எடுத்து விளிம்பில் வைத்தான். முகம் மேலே பார்க்கிற மாதிரி.

மார்க்கர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அதட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த நீளமான பிரஷ்ஷை எடுத்து அவன் கையில் கொடுத்தார். “பெரிய மேஜையில ஆரம்பி தம்பி. வெள்ளைப் பந்து வெச்சு ஆரம்பிக்கிற பக்கத்துல இருந்து கறுப்புப் பந்து பக்கம். ஒரே திசை. திருப்பித் தேய்க்காதே. துணிக்கு மயிர் ஒரு பக்கமாத்தான் படிஞ்சிருக்கும், பூனை முதுகு மாதிரி.”

பையன் தள்ளினான். துணியிலிருந்து கிளம்பிய தூசைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியம். நேற்று ராத்திரி ஒரே ஒரு நாள் ஆடிய மேஜை. அடுத்து மிதமான சூட்டில் இஸ்திரி. அதற்கடுத்து ஈரத்துணியால் பந்துகள். ஒவ்வொன்றிலும் சாக் தூள் படிந்திருந்தது. அந்தத் தூள் இரண்டு பந்துகள் உரசும் இடத்தில் மாட்டினால் பந்து லேசாகத் துள்ளித் திசை மாறும். ஆட்டக்காரர்கள் அதை ‘கிக்’ என்று திட்டுவார்கள். திட்டுகிறவர்களுக்கு, அது நேற்று தாங்களே கொட்டிய தூள் என்பது தெரியாது. மூன்று மேஜையும் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மார்க்கர் தினமும் காலையில் தனியாகச் செய்கிற வேலை இது.

பணத்துக்கும் ஒரு வழி பேசினார்கள். சனி, ஞாயிறு காலையில் பையன் அப்பாவின் பட்டறையில் வேலை செய்வான். அதற்கான கூலி நேரே பார்லர் உரிமையாளரிடம் போகும், துணிக் காசு தீரும் வரை. கூட ஆடிய நண்பர்கள் இருவரும் தங்கள் பங்கைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்க்கரிடம் பிடித்த சம்பளம் அவர் கைக்குத் திரும்பியது.

பிள்ளை பூல் பார்லருக்குப் போகிறான் என்று தெரிந்தால், பெற்றோர் ஒருமுறை அங்கே போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. புகை இல்லையா, பந்தயம் இல்லையா, மேஜை சுத்தமாக இருக்கிறதா, மார்க்கருக்கு மரியாதை தருகிறார்களா என்று பார்த்தால் போதும், அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும். வீடு திரும்பிய பிள்ளையிடம், ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்பதோடு இன்னொன்றும் கேட்கலாம்: கிளம்பும்போது மேஜையை எப்படி விட்டுவிட்டு வந்தாய்?

இப்போதும் அந்தப் பையன் வாரம் இரண்டு நாள் ஆடப் போகிறான். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே போகிறான். ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறான். அம்மா இன்னமும் துவைக்கப் போடும்முன் ஜீன்ஸின் பையை வெளியே இழுத்துப் பார்க்கிறார். சில்லறைக் காசும் பஸ் டிக்கெட்டும் வருகின்றன. விரலில் நீலம் ஒட்டுவதில்லை.